கன்றில்லாக் காடு

கேடோ ஏரியைப் பற்றி யார் எழுதினாலும் ‘காலம் தீண்டாத இடம்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. படகு வாடகைக் கடையின் துண்டறிக்கையில் அது இருக்கும். டாலஸ் தமிழ் நண்பர்கள் பகிரும் படங்களுக்குக் கீழேயும் இருக்கும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. டெக்சஸ், லூசியானா எல்லையில் ஏறத்தாழ 25,000 ஏக்கருக்குப் பரந்து கிடக்கும் ஆழமில்லாத தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள்ளேயே அடிபெருத்து நிற்கும் சைப்ரஸ் மரங்கள். கிளைக்குக் கிளை முழக்கணக்கில் தொங்கும் சாம்பல் நிற ஸ்பானிஷ் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி; மரத்தை உறிஞ்சாமல் காற்றிலும் மழையிலும் கிடைப்பதைக் கொண்டு வாழ்கிறது. இத்தனையும் கண்முன் இருக்க, ‘காலம் தீண்டாத’ என்ற அந்த வரி மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. உறுத்தலைத் தொடங்கி வைத்தவர் அப்பா.

ஊரிலிருந்து அவர் வந்திருந்தபோது கார்னக் பக்கத்து மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். டாலஸிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரப் பயணம். தனியாகப் போனால் நான் கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகைத்தான் எடுப்பேன். மரங்களுக்கு இடையே உள்ள குறுகிய சந்துகளில் அதுதான் எளிதாக நுழையும். ஆனால் காலை நீட்டி, ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டையுள்ள துடுப்பை மாற்றி மாற்றிப் போடுவதற்கு எழுபதைக் கடந்த முதுகு இடம் கொடுக்காது. ஆகவே கனூ எடுத்தோம். அதில் பலகைமேல் நிமிர்ந்து உட்காரலாம், சுற்றிலும் பார்க்கலாம். முன்பலகையில் அப்பா, பின்பலகையில் நான். கனூவில் திசை பின்னால் இருப்பவரின் கையில் இருக்கிறது. ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் படகு மறுபக்கம் திரும்பிக்கொண்டே போகும். வலித்து முடிக்கும் தறுவாயில் மணிக்கட்டைத் திருப்பித் தட்டையால் வெளிப்பக்கம் மெல்லத் தள்ளினால்தான் நேராகப் போகும். அது கைவந்துவிட்டால் பக்கம் மாற்றவே வேண்டாம், துடுப்பைத் தண்ணீரை விட்டு எடுக்காமலேயேகூட ஓட்டலாம். நாரை கலையாமல் பக்கத்தில் போக அந்த ஓசையின்மை வேண்டும்.

அப்பா நாரையைப் பார்க்கவில்லை. மதுராந்தகம் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் வைத்தே வாழ்ந்தவர் அவர். மரம், செடி, வரப்பு, தண்ணீர் மட்டம், இவைதான் அவர் கண்ணில் முதலில் விழும். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏம்மா, இத்தனை மரம் நிற்கிறதே, ஒரு கன்றையாவது பார்த்தாயா?” என்று கேட்டார்.

நான் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். இருவர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் எட்டாத மரங்கள், இடுப்பளவு பருமனுள்ள மரங்கள், இடி விழுந்து தலை போன மரங்கள் எல்லாம் இருந்தன. விரல் பருமனில் ஒன்றும் இல்லை. “அதோ” என்று அப்பா காட்டியது கன்று அல்ல, சைப்ரஸ் வேரிலிருந்து செங்குத்தாக மேலே வரும் முட்டி. அந்த முட்டிகள் எதற்காக என்று தாவரவியலாளர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். வேருக்கு மூச்சு என்று சிலர் சொல்கிறார்கள், சேற்றில் பிடிமானம் என்று சிலர் சொல்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை. அழுகிய அடிமரம் ஒன்றின் தலையில் ஏதோ பச்சையாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு ஏதோ புதர். அன்று காலை முழுவதும் எங்களுக்கு அதே வேலை. மரங்களில் அறைந்த எண் பலகைகளைப் பார்த்தபடி படகுச் சாலைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் தேடினோம். கரை ஒட்டிய மேட்டில் சில இருந்தன. ஏரிக்குள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் அப்பா, “பிள்ளை இல்லாத வீடு மாதிரி இருக்கிறது” என்றார்.

தண்ணீரில் வாழும், தண்ணீரில் முளைக்காது

விடை பெரிய இரகசியம் இல்லை. இந்த மொட்டை சைப்ரஸ் மரம் தண்ணீரில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், ஆனால் அதன் விதை தண்ணீருக்குள் முளைக்காது. இலையுதிர் காலத்தில் மற்ற ஊசியிலை மரங்கள் பச்சையாக இருக்கும்போது இது மட்டும் செம்பழுப்பாகி இலையைக் கொட்டிவிடும். பெயரில் ‘மொட்டை’ வந்தது அதனால்தான். அப்போது நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் காய்கள் உடைந்து விதைகள் தண்ணீரில் விழுகின்றன. விழுந்த விதை உடனே சாவதில்லை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல்கூட உயிரோடு மிதந்தும் மூழ்கியும் காத்திருக்கும். காத்திருப்பது ஈரச் சேற்றுக்கு. தண்ணீர் வடிந்து, சேறு வெயில் கண்டு, ஈரம் மட்டும் போகாமல் சில வாரங்கள் இருந்தால் முளைவிடும். அதோடும் முடியவில்லை. அடுத்த வெள்ளம் வருவதற்குள் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும் உயரத்துக்கு அது வளர்ந்திருக்க வேண்டும். வளரும் பருவத்தில் முழுதாக மூழ்கிக் கிடந்தால் இளங்கன்று செத்துவிடும். ஆக, ஒரு சைப்ரஸ் தலைமுறை உருவாக ஒரு கோடை போதாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று கோடைகள் தண்ணீர் தாழ்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் நடு ஏரியில் நிற்கும் ஒவ்வொரு பெரிய மரமும் தன் காலடியில் தண்ணீர் இல்லாத ஒரு காலத்தைக் கண்டிருக்கிறது. இதை முதலில் யோசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தண்ணீரின் சின்னமாக எல்லாரும் படமெடுத்துப் போகும் அந்த மரங்கள், பார்க்கத் தெரிந்தவருக்கு வறட்சியின் பதிவேடு.

ஏரி வந்த கதை

அந்த வறட்சி எப்போது? இந்த ஏரியைப் பிறப்பித்தது சிவப்பு ஆற்றில் கிடந்த ஒரு மர அடைப்பு. வெள்ளத்தில் சாய்ந்த மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சிக்கி, நூறு மைலுக்கும் மேல் நீண்டு, பல நூற்றாண்டுகள் ஆற்றையே மூடிக் கிடந்தன. ‘பெருந்தெப்பம்’ என்று அதை அழைத்தார்கள். ஆறு ஓட இடமில்லாமல் பக்கத்துப் பள்ளங்களில் எதிர்த்துப் பாய்ந்து நிறைத்த ஏரிகளில் ஒன்றுதான் கேடோ. இந்த மண்ணுக்குரிய கேடோ மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்தது வேறு: நிலம் நடுங்கிப் பள்ளமானது என்பது அவர்கள் கதை. அவர்கள் பெயரை ஏரிக்கு வைத்துக்கொண்டு, 1835-இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் நிலத்தைப் பெற்றுக்கொண்டு அவர்களை வெளியேற்றினார்கள். இன்று அவர்களுடைய தலைமையகம் ஓக்லஹோமாவில் இருக்கிறது. இந்த ஏரியில் படகு விடும் எவரும் மனதில் வைத்திருக்க வேண்டிய செய்தி இது.

மர அடைப்பை அகற்ற ஹென்றி ஷ்ரீவ் என்ற நீராவிப் படகுத் தலைவர் 1833-இல் வேலையைத் தொடங்கினார். ஷ்ரீவ்போர்ட் நகரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் வெட்டித் திறந்த இடத்தில் ஆறு மறுபடியும் மரத்தைக் கொண்டுவந்து குவித்தது. கடைசியாக 1870களின் தொடக்கத்தில் லெப்டினன்ட் யூஜீன் வுட்ரஃப் என்ற இராணுவப் பொறியாளர் நைட்ரோகிளிசரின் வைத்து உடைத்தார். வேலை முடியும் தறுவாயில், 1873-இல், ஷ்ரீவ்போர்ட்டில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. வெளியேறியிருக்கலாம், இருந்து நோயாளிகளுக்குத் துணை நின்று அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார். அவருடைய சகோதரர் அதே ஆண்டில் வேலையை முடித்தார். அடைப்பு போனதும் கேடோவின் தண்ணீர் இறங்கியது. அதுவரை நீராவிக் கப்பல்கள் வந்துபோன ஜெஃபர்சன் துறைமுகம் ஓய்ந்தது. வணிகருக்கு அது வீழ்ச்சி. சைப்ரஸ் விதைக்கோ, அது நெடுங்காலம் காத்திருந்த சேறு. பிறகு 1911-இல் இந்த ஏரியின் தண்ணீர்மேலேயே மேடை கட்டி எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள், 1914-இல் அணை கட்டித் தண்ணீரைத் திரும்ப நிறுத்தினார்கள். 1971-இல் பழையதை மாற்றிப் புது அணை வந்தது.

நாற்பது ஆண்டு இடைவெளி. அதில் முளைத்து, 1914-க்குள் தலை தூக்கியவை பிழைத்தன. அதற்கும் மூத்தவை, ஏரி உண்டாவதற்கு முன் அல்லது ஏதோ ஒரு பழைய வறட்சியில் முளைத்தவை. காலம் இந்த இடத்தைத் தீண்டாமல் விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு மரத்தின் வயதுக்குப் பின்னாலும் ஓர் அடைப்போ உடைப்போ இருக்கிறது.

கலங்கல் உண்டு, மதகு இல்லை

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டது, “இந்த ஏரிக்கு மதகு எங்கே இருக்கிறது?” என்று. மதகு இல்லை. லூசியானாப் பக்கத்தில் இருக்கும் அந்த அணை ஒரு நீண்ட தாழ்ந்த சுவர்தான், கதவு கிடையாது. அதன் விளிம்புக்கு மேல் வரும் தண்ணீர் வழிந்துவிடும், கீழே இருப்பது நிற்கும். நம் ஊர் ஏரியின் கலங்கல் செய்யும் வேலை அது. மதகு செய்யும் வேலையைச் செய்ய அங்கே எதுவும் இல்லை. அப்பாவுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. அவர் அறிந்த ஏரிகள் மழையில் நிறைந்து, பயிருக்குப் பாய்ந்து, கோடையில் உள்வாய் வெடித்து, வண்டல் அள்ளப்பட்டு, மாடு மேய்ந்து, மறுபடியும் நிறைபவை. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் நீர்க்கடம்பு மரங்களும் மார்கழியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, கோடையில் காய்ந்த தரையில் நிற்பவைதாம். “வற்றாத ஏரியில் எப்படியம்மா கன்று வரும்?” என்றார். நிறைந்த ஏரிக்குப் பூசை போட்டவர், ஏரி வற்றவில்லையே என்று கவலைப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்த அக்டோபரில், ஏரியை விட்டு மேலே, பிக் சைப்ரஸ் ஓடையில் எதிர்நீரில் கயாக் ஓட்டிப் போனேன். இலை சிவக்கத் தொடங்கியிருந்தது, தண்ணீர் தாழ்ந்திருந்தது. அகன்ற ஏரியில் காற்று பிடித்தால் கயாக் தடுமாறும். ஓடைக்குள் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் மூழ்கிக் கிடக்கும் அடிக்கட்டைகள் உண்டு. கலங்கிய தேநீர் நிறத் தண்ணீரில் அவை தெரியாது. படகின் வயிறு உரசி நிற்கும்போதுதான் தெரியும். பின்வாங்கி, அகலமாக ஒரு வீச்சு வலித்து மூக்கைத் திருப்பி, மறு பக்கம் போக வேண்டும். அப்படி ஒரு கட்டையைச் சுற்றிக்கொண்டு வளைவின் உள்புறம் திரும்பினேன். சேற்றுத் திட்டு ஒன்று நீருக்கு மேல் கிடந்தது. அதன்மேல் மெல்லிய பச்சை வரிசை. முதலில் ஏதோ களைச்செடி என்று எண்ணினேன். அந்த இறகு போன்ற இலையைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்திவிட்டேன். சைப்ரஸ் கன்றுகள். சில விரற்கடை உயரம், சில முழங்கால் உயரம், பின்னால் மேட்டில் ஆள் உயரத்தில் சில. மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் வெள்ளம் எதுவரை வந்தது என்பதை அந்த மூன்று வரிசைகளிலும் படிக்க முடிந்தது. படகை விட்டு இறங்கவில்லை, அந்தச் சேறு முழங்காலை விழுங்கும். உட்கார்ந்தபடியே நெடுநேரம் பார்த்தேன். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் மகிழ்ச்சியைச் சொல்லும் வழி கேள்வி கேட்பதுதான். “அங்கே மழைக்காலத்தில் எத்தனை அடி ஏறும்?” என்று பதில் வந்தது.

இந்த ஓடையிலும் தண்ணீர் தானாக ஏறி இறங்குவதில்லை. மேலே 1950களின் இறுதியில் முடிந்த ஓர் அணை, லேக் ஓ’ தி பைன்ஸ் என்ற நீர்த்தேக்கத்தைத் தாங்கி நிற்கிறது. நெடுங்காலம் அது ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே சீராக நீரை விட்டது, வசந்தப் பெருக்கும் இல்லை, கோடைத் தாழ்வும் இல்லை. ஈகிள்ஸ் இசைக்குழுவின் டான் ஹென்லி இந்தப் பகுதியில் வளர்ந்தவர். அவர் 1990களின் தொடக்கத்தில் நிறுவிய கேடோ ஏரி நிறுவனமும் பிறரும் அணையை நிர்வகிக்கும் இராணுவப் பொறியாளர் படையுடன் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசி, ஆறு முன்பு ஓடிய விதத்தை ஒட்டி நீரைத் திறக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நீண்ட தட்டை மூக்குடைய துடுப்புமீன் முட்டையிட வசந்தப் பெருக்கு வேண்டும். அணைக்குப் பிறகு இங்கே அற்றுப்போன அந்த மீனை 2014-இல் சமிக்ஞைக் கருவி பொருத்தி இந்த ஓடையில் விட்டார்கள். கதவைத் திறக்கவும் மூடவும் ஓர் இடம் இருந்ததால்தான் இந்தப் பேச்சுக்கே வழி பிறந்தது. கீழே, ஏரியில், பேசுவதற்குக் கதவே இல்லை.

படகுக் கடைக்காரரின் கேள்வி

நிலைத்து நிற்கும் தண்ணீர் இன்னொன்றையும் வளர்க்கிறது. 2006-இல் இந்த ஏரியில் முதலில் காணப்பட்ட இராட்சத சால்வினியா. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று பெயர் பெற்று, குட்டநாட்டு வயல்களையும் கால்வாய்களையும் மூடிய அதே பிரேசில் மிதவைச் செடி. வெப்பம் கூடினால் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகும். அது மூடிய பரப்பில் கயாக் ஓட்டியவர்களுக்கு அந்தப் பாரம் தெரியும். துடுப்பு உள்ளே போகும். வெளியே வரும்போது ஒரு கூடை பச்சையை அள்ளிக்கொண்டு வரும். அடியில் வெளிச்சமும் இல்லை, மீனுக்கு மூச்சும் இல்லை. கரையேறியதும் படகை, துடுப்பை, இருக்கையின் அடியைக்கூடக் கழுவித் துடைத்துவிட்டே வண்டியில் ஏற்ற வேண்டும், ஒரு துணுக்கு போதும் இன்னொரு ஏரியைக் கெடுக்க. கேரளத்தில் 1980களில் விட்ட சிறு கூன்வண்டு அந்தச் செடியைத் தின்று அடக்கியது. இங்கும் தன்னார்வலர்கள் பசுமைக்குடிலில் அதே வண்டை வளர்த்து ஏரியில் விடுகிறார்கள். ஆனால் வடகிழக்கு டெக்சஸ் கேரளம் அல்ல. கடுங்குளிர் வந்தால் வண்டு செத்துவிடுகிறது, செடி மீண்டும் தளிர்க்கிறது. தண்ணீரை இறக்கிக் கரையில் காயவிடுவதும் ஒரு வழி. அதற்கும் வேண்டியது மதகுதான்.

என் கருத்து இப்போது தெளிவாக இருக்கிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 1993-இல் ஏறிய இந்த ஈரநிலத்துக்கு, அணையை அடுத்து எப்போது பழுதுபார்த்தாலும், ஒரு கதவு வைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, தொடர்ந்து இரண்டு கோடை, நீரை இறக்க வேண்டும். அப்போது எங்களைப் போன்றவர்களுக்குப் படகு ஓட்ட வழி இருக்காது; விரும்பிப் போகும் சந்துகளெல்லாம் சேறாகிவிடும். அந்த இழப்பை நான் ஏற்கிறேன்.

ஏற்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். நான் வழக்கமாகப் படகு எடுக்கும் கடையின் உரிமையாளர் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடம் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை. 2011-இன் பெரும் வறட்சியில் தண்ணீர் இறங்கியபோது ஓரச் சேற்றில் கன்றுகள் கிளம்பியதைத் தாம் பார்த்ததாகவும், நீர் திரும்பி வந்து அவற்றை மூடிவிட்டதாகவும் சொன்னார். அந்த ஆண்டு தம் வருமானம் என்ன ஆனது என்பதையும் சொன்னார். மீன்பிடிப்பவர், வாத்து வேட்டைக்காரர், கரையோரம் வீடு கட்டியவர் என்று ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினார். பிறகு, “சரி, கதவு வைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதை எப்போது திறப்பது என்று யார் சொல்வது? டெக்சஸா, லூசியானாவா?” என்று கேட்டார்.

எங்கள் ஊரில் மதகைத் திறக்கும் நாளை ஊர் கூடிப் பேசும் என்றும், மேல்மடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் வாய்ச்சண்டை வராமல் அந்தக் கூட்டம் முடிந்ததாக அப்பா சொன்னதில்லை என்றும் சொன்னேன். “இங்கேயும் வரும்” என்றார். வரட்டும் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கூட்டம் நடந்தால் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய் நானும் உட்காருவேன். கடைக்காரருக்கு இழப்பீடு கொடுத்த பிறகே முதல் கதவு திறக்க வேண்டும் என்று அவர் பக்கம் நின்றும் பேசுவேன்.